ஊசிமலையின் இன்னொரு மீனம்மா

1953 மார்ச் 9ஆம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, நுவரெலியா அரசாங்கக் கச்சேரியின் பதிவறையில் 1921ஆம் வருடத்துத் தோட்டப் பிறப்புப் பதிவேடு வெளியே எடுக்கப்பட்டது.

அதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்த பெண் புத்தகத்தைத் தொடவில்லை. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளியே நின்றாள். பக்கங்களைப் புரட்டியவர் செல்லசாமி. ஹட்டனில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து விலகியவர். இப்போது வழக்கறிஞர்களுக்காகக் காணாமல் போன சாட்சிகளையும் சான்றிதழ்களையும் தேடித் தருகிறார். அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பைஸர் நின்றார். பைஸர் வாடகைக் கார் ஓட்டுபவர். பதினொரு வருடமாகச் செல்லசாமி போகிற இடத்துக்கெல்லாம் போகிறவர். யாரும் கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிறவர்.

பதிவு இருந்தது. ஆகஸ்ட் 16. பெண் குழந்தை. பெயர் மீனம்மா. தகப்பன் ஆண்டியப்பன். தாய் வீரம்மா. அக்கரப்பத்தனை, ஊசிமலைத் தோட்டம். தகவல் கொடுத்தவர், தகப்பன்.

"அப்ப நெசந்தான்," என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயரும் மீனம்மாதான். ஊர் திருச்சி ஜில்லா முசிறி. அவளுடைய தகப்பன் ஆண்டியப்பன் ஊசிமலையில் வேலை செய்துவிட்டு, மனைவி காளியாயியையும் கைக்குழந்தையான இவளையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர். காளியாயி இறந்து ஏழு வருடமாகிறது. போன நவம்பரில் ஆண்டியப்பனும் போனார். காரியம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, வேட்டிகளுக்கு அடியில் இந்தப் பதிவின் பிரதி ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மகளின் பெயர் இருந்தது. தாயின் பெயர் வேறாக இருந்தது. மீனம்மா நாலு மாதம் அதை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்து, கடைசியில் பாஸ்போர்ட் எடுத்து, ஒரு மாத விசாவில் தலைமன்னாரில் வந்து இறங்கினாள்.

செல்லசாமியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த இன்னொரு மீனம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டும். அவளிடமிருந்து எதையும் வாங்கவோ அவளுக்கு எதையும் கொடுக்கவோ அல்ல.

"அவ மூஞ்சியைப் பாக்கணுங்க. எங்கப்பா எனக்குக் குடுத்ததெல்லாம் எனக்குன்னு குடுத்ததா, அவளுக்குப் போக மிச்சமான்னு தெரிஞ்சாப் போதும்."

பள்ளிக்கூடக் கணக்குப்படி மீனம்மா பிறந்தது 1923. ஆகவே மற்றவள் இரண்டு வயது மூத்தவள். பெயரை முதலில் வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

செல்லசாமி 1923ஆம் வருடத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அதில் ஆண்டியப்பன் என்ற தகப்பனே இல்லை. 1922இலும் இல்லை, 1924இலும் இல்லை.

"அவளைப் பதிஞ்சிருக்காரு," என்றாள் மீனம்மா. "என்னைப் பதியல."

பைஸர் சமாதானம் சொல்ல முன்வந்தார். "விடுங்க தங்கச்சி. என்னையும்தான் எங்க வாப்பா பதியல. அதுக்காக நான் பொறக்காமலா இருந்தேன்?"

"உங்களுக்கு முந்தியே உங்க பேருல ஒருத்தர் இருந்தாரா பாய்?"

பைஸரிடம் பதில் இல்லை. பதினொரு வருடத்தில் அப்படி ஆனது இது மூன்றாவது முறை.

செல்லசாமி அடுத்து இறப்புப் பதிவேடுகளைக் கேட்டார். 1915 முதல் 1921 வரை. உயிரோடு இருப்பவளைத் தேடச் சொன்னால் இவர் செத்தவர்களைத் தேடுகிறாரே என்று மீனம்மா முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நிமிரவில்லை. ஒரு பழைய கடித உறையின் பின்புறம் மூன்று வரிகளை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அக்கரப்பத்தனைக்குப் போகலாம் என்றார்.

நானு ஓயா தாண்டும்வரை மழை பெய்தது. காரின் இடது பக்கக் கண்ணாடி மேலே ஏறாது. பைஸர் அதற்கு ஒரு சாக்குத் துண்டு மாட்டியிருந்தார். வண்டியை ஓட்டிக்கொண்டே அவர் தன் முடிவை அறிவித்தார். கந்தப்பளையில் ஒரு கங்காணிக்கு இரண்டு வீடு இருந்தது. அவன் இரண்டு வீட்டு நாய்களுக்கும் ஒரே பெயர் வைத்தான், வாய் தவறிவிடக் கூடாதென்று. இதுவும் அந்த மாதிரி ஏற்பாடுதான்.

"நானா, ரோட்டைப் பாருங்க," என்றார் செல்லசாமி.

ஆனால் மீனம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் அவளும் நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சில நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்துகொண்டு மீனம்மா என்று கூப்பிடுவார். ஓடிப்போய் நின்றால், ஒன்றுமில்லை போ என்பார். அப்போது அது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது.

"இப்ப யோசிச்சா, அவரு என்னைக் கூப்பிடவே இல்லையோன்னு இருக்கு. நான்தான் ஓடி ஓடிப் போயிருக்கேன்."

கார் லிந்துலையை அடைந்தது. அங்கே தேநீருக்கு நிறுத்தியபோது செல்லசாமி, பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கும் அவளுடைய பிறந்த தேதி ஜூலை ஒன்றா என்று கேட்டார்.

மீனம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. சேக்கும்போது தேதி தெரியலைன்னா வாத்தியாரு எழுதுற தேதி அது. ஆளைப் பாத்து வயசு போடுவாங்க. நீங்க மெலிஞ்ச பிள்ளையா இருந்திருப்பீங்க, ரெண்டு வருசம் கம்மியாப் போட்டாலும் போட்டிருப்பாரு."

"அந்த ஊரு மருத்துவச்சி பாவம்," என்றார் பைஸர். "ஜூலை ஒண்ணாந் தேதி மட்டும் மூச்சு விட நேரமிருந்திருக்காது."

மீனம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னிடம் இருந்த ஒரே தேதியும் யாரோ போட்டது என்பதுதான் அவளுக்குப் பட்டது. மற்றவளுக்கு அரசாங்கப் புத்தகத்தில் நாள், மாதம், வருடம் எல்லாம் இருந்தது.

ஊசிமலைத் தோட்டத்து ஆபீஸ் தொழிற்சாலைக்கு மேலே இருந்தது. பெரிய கிளாக்கர் இருபத்தேழு வருடமாக அங்கே இருப்பவர். யார் எந்த மாதம் வேலைக்கு வந்தார்கள் என்று காட்டும் பழைய செக்ரோல்களை அவர் தன் மேசைக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தார். பிரஜாவுரிமை விசாரணைகள் தொடங்கியதிலிருந்து அந்தப் புத்தகங்களுக்கு மரியாதை வந்திருந்தது. தாத்தா வேலை செய்த வருடத்தைக் காட்டினால் பேரன் நாட்டில் இருக்கலாம் என்று நம்பி, வாரத்துக்குப் பத்துப் பேராவது வந்து நின்றார்கள்.

வந்தவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று கேட்டதும் கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இதே மீனம்மாவைத் தேடித்தான் போன மாதம் விசாரணை அதிகாரியும் ஆள் அனுப்பியிருந்தார் என்றார். அவர் சொன்னது இது. வீரம்மா இன்னும் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்தில்தான் இருக்கிறார், விதவை. 1951இல் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். மனுவில் பிள்ளைகள் இல்லை என்று இருந்தது. பதிவேட்டில் ஒரு மகள் இருந்தாள். அந்த மகள் எங்கே, ஏன் மறைத்தாய் என்று அதிகாரி கேட்டார். வீரம்மா வாயைத் திறக்கவில்லை. அதிகாரி இந்த வியாழக்கிழமைவரை தவணை கொடுத்திருக்கிறார். அன்றைக்கும் பேசாவிட்டால், பொய்த் தகவல் கொடுத்ததாக மனு தள்ளுபடியாகும். பிறகு அந்த அம்மாளை இந்தியாவுக்குப் போ என்பார்கள். அங்கே அவருக்கு ஓர் ஊரின் பெயர்கூடத் தெரியாது.

"பெத்த மகளை இல்லைன்னு எழுதியிருக்கா," என்றாள் மீனம்மா. "அவ்வளவு பொத்திப் பொத்தி வச்சிருக்கா."

செல்லசாமி 1921 ஆகஸ்ட் மாதச் செக்ரோலைக் கேட்டார். பெண்களின் பெயர்களுக்கு நேரே நாளுக்கொரு கட்டம். வேலைக்கு வந்திருந்தால் ஒரு கோடு, வராவிட்டால் வெறும் கட்டம். அவர் ஒரு வரியில் விரலை வைத்து மீனம்மாவைப் படிக்கச் சொன்னார்.

வீரம்மா. 15ஆம் தேதி கோடு. 16ஆம் தேதி கோடு. 17ஆம் தேதி கோடு. மாதம் முழுவதும், ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, வெறும் கட்டமே இல்லை.

"பதினாறாந் தேதி புள்ள பொறந்துச்சுன்னு கச்சேரிப் புத்தகம் சொல்லுது," என்றார் செல்லசாமி. "அன்னைக்கு இந்தம்மா மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு நின்னுருக்காங்க. மறுநாளும் நின்னுருக்காங்க."

"கெட்டிக்காரப் பொம்பளை," என்றார் பைஸர். "கூடையில போட்டுக் கொண்டாந்திருக்கும்."

செல்லசாமியின் விரல் நாலு வரி கீழே இறங்கியது. காளியாயி. 13ஆம் தேதி வரை கோடு. பிறகு மாதக் கடைசி வரை வெறும் கட்டங்கள். கிளாக்கர் செப்டம்பரையும் எடுத்துக் கொடுத்தார். அதிலும் 24ஆம் தேதி வரை வெறும் கட்டங்கள்.

மீனம்மா தன் தாயின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லசாமி சட்டைப் பையிலிருந்து கடித உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். இறப்புப் பதிவேட்டிலிருந்து அவர் எழுதிக்கொண்ட மூன்று வரிகள். 1916, ஆண் குழந்தை, ஒன்பது நாள். 1918, ஆண் குழந்தை, இருபது நாள். 1920, பெண் குழந்தை, நாலு நாள். மூன்றுக்கும் தகப்பன் ஆண்டியப்பன், தாய் காளியாயி.

"உங்க ஊர்ப் பக்கம், வரிசையா மூணு செத்து நாலாவது ஒண்ணு பொறந்தா அதை என்னம்மா செய்வாங்க?"

அவள் அந்த மூன்று வரிகளையும் மறுபடி படித்தாள். வெளியே தொழிற்சாலை இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தவிட்டுக்கு வித்துருவாங்க," என்றாள்.

அவளே சொல்லி முடித்தாள். பிறந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் போட்டு, அவளிடம் ஒரு கொத்து அளவு தவிடு வாங்கிக்கொள்வார்கள். அன்று முதல் அது அவளுடைய பிள்ளை. பெற்றவள் பால் மட்டும் கொடுப்பாள். எமன் பழைய வீட்டில் தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். பிள்ளை தேறியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். முசிறியில் அவளுடைய கொழுந்தனாருடைய மகனையே அப்படித்தான் விற்றார்கள்.

"ஊருல வித்தா வாயோட போயிரும்," என்றார் செல்லசாமி. "உங்கப்பா அதை ஆபீஸ் புத்தகத்துலயும் எழுத வச்சிட்டாரு. மூணு தடவை காளியாயின்னு எழுதினாங்க, மூணும் போச்சு. நாலாந் தடவை எழுதவே விடல. நீங்க தேடி வந்த மீனம்மா நீங்கதான்."

பைஸர் தொப்பியைத் தலையில் வைத்து, மறுபடி எடுத்தார். "நாலு மாசமா தன்மேலயே பொறாமைப்பட்ட ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன் சேர்," என்று செல்லசாமியின் காதில் சொன்னார்.

அத்தோடு ஹட்டனுக்குத் திரும்பியிருக்கலாம். கேட்டு வந்ததற்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் செல்லசாமிக்கு ஒன்று இடறியது. இந்த விஷயத்தை விசாரணை அதிகாரியிடம் ஒரு வரியில் சொல்லியிருந்தால் வீரம்மா தப்பித்திருப்பார். ஏன் சொல்லவில்லை? ஏழாம் நம்பர் லயத்துக்கு அவர் நடக்கத் தொடங்கியதும் மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

வீரம்மாவுக்கு அறுபதுக்குக் கிட்ட இருக்கும். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி, தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். செல்லசாமி விஷயத்தைச் சொன்னார். வீரம்மா மீனம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். மீனம்மா உட்காரவில்லை.

"அந்த விசாரணைத் துரைகிட்ட ஏன் சொல்லல?" என்று அவள் கேட்டாள். "என் புள்ள இல்லைன்னு ஒரு வார்த்தை."

"காளியாயி வந்து திருப்பி வாங்கிக்கிடலையே," என்றார் வீரம்மா. "வாங்கிக்கிறதுக்கு முந்தி என் வாயால அப்பிடிச் சொன்னா உனக்கு ஆகாது. தவிடு குடுத்த அன்னைக்கே சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நீ எங்க இருக்கியோ, எப்பிடி இருக்கியோ. நான் எப்பிடிச் சொல்றது?"

மனு எழுதிக் கொடுத்தவர், வீட்டில் பிள்ளைகள் யார் என்று கேட்டாராம். வீட்டில் யாரும் இல்லை என்று இவர் உண்மையைச் சொன்னாராம். அவரோ பிள்ளைகளே இல்லை என்று எழுதிவிட்டாராம். விசாரணையில் அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டபோது, போனால் இந்த வீடுதானே போகும் என்று நின்றுகொண்டிருந்தாராம்.



மீனம்மாவின் முகம் இளகவில்லை. "எங்கம்மா ஏன் திருப்பி வாங்கல?"

"அவளுக்கு என்மேல பொறாமை. சும்மா சொல்லக் கூடாது, நியாயந்தான். பெத்தவ அவ. நீ அழுதா என் கதவைத்தான் தட்டுவ. என்கிட்டதான் சோறு திம்ப. நாலு பேருக்கு முன்னால உன்னை என்கிட்டருந்து வாங்கினா, நீ என் புள்ளையா இருந்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு இழுத்துக்கிட்டே இருந்தா. உனக்கு மூணு வயசு. ஒரு நாள் காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போயிட்டு வந்து பாக்கறேன், அவங்க காம்பரா காலி."

மீனம்மா அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன் செல்லசாமியையும் பைஸரையும் ஒருமுறை பார்த்தாள். இருவரும் நகரவில்லை. அவர்களை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கப்பா உங்க காம்பராவுக்கு வருவாரா?"

"வருவாரு," என்றார் வீரம்மா. "தூங்கிட்டிருக்கிற உன்னைத் தூக்கிட்டுப் போக."

மீனம்மா அந்தப் பதிலில் ஓட்டை தேடுகிறவள்போலச் சற்று நேரம் நின்றாள். தன் தாய்க்குத் தெரிந்த, தனக்கு ஞாபகமே இல்லாத மூன்று வருடம் இந்தப் பெண்ணிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அவள் பைஸரிடம் திரும்பி, இங்கே தவிடு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

பைஸர் அக்கரப்பத்தனைக் கடைத்தெருவுக்குப் போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பினார். தோளில் அரை மூட்டை இருந்தது.

"அன்ஸார் கடையில கொத்துக் கணக்குல விக்க மாட்டானாம். மாட்டுக்குத்தான் தவிடாம், மனுசருக்கு ஒரு கொத்துன்னா சந்தேகப்படுறான்." மூட்டையை இறக்கி வைத்தார். "இந்தத் தவிட்டுக்கு ஒரு குடும்பத்தையே வாங்கலாம் சேர்."

லயத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து கொத்து அளவை வந்தது. மீனம்மா அதைத் தலை தட்டாமல் நிரப்பினாள்.

"இது எங்கம்மா குடுக்கிறது," என்றாள். "அவ குடுக்க வேண்டியதை நான் குடுக்கறேன். எனக்காக இல்ல."

வீரம்மா சேலை முந்தியை ஏந்தி வாங்கிக்கொண்டார். தவிட்டுத் தூள் அவர் கையெல்லாம் ஒட்டியது. கூடியிருந்தவர்களைப் பார்த்து அவர் சத்தமாகச் சொன்னார்.

"இது காளியாயி புள்ள. என் புள்ள இல்ல."

சொல்லிவிட்டு, மீனம்மாவுக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்ப்பவர்போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மீனம்மா பாயில் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹட்டனில் ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் மீனம்மா சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டாள். செக்ரோலின் பிரதிகள் அதனோடு இணைக்கப்பட்டன. 12ஆம் தேதி வியாழக்கிழமை விசாரணையில், தான் பிள்ளை பெறவில்லை என்று வீரம்மா வாக்குமூலம் கொடுத்தார். அதிகாரி மீனம்மாவை இருபது நிமிடம் விசாரித்தார். மீனம்மா 18ஆம் தேதி தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். வீரம்மாவின் மனு ஜூன் மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் ஊசிமலையில் ஏழாம் நம்பர் லயத்திலேயே தொடர்ந்து இருந்தார்.